கணப்பின் மேலிருந்த கடிகாரம்

மேகம் கேட்காமலே கடைக்குள் வந்துபோகும் ஊர் அது. நீலகிரியில், நகராட்சிச் சங்கு ஊதும் கட்டடத்துக்குக் கீழே, ஹாஜிராவின் கடிகாரக் கடை இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மேகம் நுழையும். அதன் பின்னால் வீரபத்திரன் நுழைவான்.

ஹாஜிராவுக்கு நாற்பத்தாறு வயது. வீரபத்திரனுக்கு அறுபத்தேழு. ஹாஜிரா குரு, வீரபத்திரன் சீடன். ஹாஜிராவின் தந்தையை ஊர் உஸ்தாது என்று அழைத்தது. அவர் போன பிறகு முக்காலியும் திருப்புளியும் மகளுக்கு வந்தன. பெயரும் கூடவே வந்துவிட்டது.

வீரபத்திரன் முப்பது வருடம் தேயிலைத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தான். பிறகு அவனே துண்டறிக்கை எழுதினான். சங்கம் அவனை வெளியேற்றியதா, அவன் சங்கத்தை வெளியேற்றினானா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. அவனோடு கொடி பிடித்தவர்கள் வீட்டுமனை விற்கப் போனார்கள். அவன் மட்டும் மலையில் மிஞ்சினான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தான். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"கண்ணாடியை மாத்தினாப் போதும். முள்ளைத் தொடாதீங்க" என்றான்.

ஹாஜிரா பார்த்தார். "பத்து நிமிஷம் முந்தி ஓடுதே."

"அது பழுதில்ல. கொள்கை."

"ஓ" என்றார் ஹாஜிரா. "கொள்கைக்கும் தினம் சாவி குடுக்கணுமா?"

அவனிடம் அப்படிப் பேசியவர்கள் அதிகம் இல்லை. அவன் போகாமல் நின்றான். பிறகு, யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"நேரத்தோடவே குடித்தனம் பண்றீங்க. சொல்லுங்க. காலம் யார் பக்கம் நிக்குது?"

ஹாஜிரா ஒரு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே மண்ணெண்ணெயும் ஒரு பிடிப் பல்சக்கரங்களும் இருந்தன. "முதல்ல இதைக் கழுவுங்க, தலைவரே."

ஆறு வருடமாகக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஒரு மார்கழிக் காலையில் அவன் தேநீர் வாங்கிவந்தபோது மேசை மேல் ஒரு கம்பளி விரித்திருந்தது. கம்பளி மேல் ஒரு கடிகாரம்.

சின்னக் கோவில் மாதிரி இருந்தது. கருத்த வாதுமை மரம். முன்னால் இரண்டு தூண்கள். வெள்ளை முகத்தில் ரோமன் எழுத்துகள். நாலுக்கு நாலு கோடுகள். சாவி போட இரண்டு துளைகள், நடக்க ஒன்று, மணி அடிக்க ஒன்று. கீழே கண்ணாடிக்குப் பின்னால் பித்தளை ஊசல் அசையாமல் தொங்கியது.

வீரபத்திரன் தேநீரை வைக்க இடம் தேடினான். மேசை முழுக்க இடம் இருந்தது.

"யாருது?"

"ஞானாபரணம்னு ஒரு பெரியவர். வெள்ளிமுடி எஸ்டேட்ல கிளார்க்கா இருந்தவராம். பங்களாவை ஓட்டலா மாத்தினப்ப பழைய சாமான்களோட இதையும் வித்திருக்காங்க. வாங்கிட்டார். ஓடாட்டாலும் பரவாயில்லையாம். அவருக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்."

"என்ன?"

"இதோட முள்ளை யாராவது எப்பவாவது பின்னால திருப்பியிருக்காங்களான்னு."

மேகம் வந்து தேநீரின் ஆவியோடு கலந்தது. கடையில் ஓடிய இருபத்தைந்து கடிகாரங்களும் ஒரு கணம் தூரத்துக்குப் போய்விட்டு வந்தன.

"அவரை நான் எழுதினேன்" என்றான் வீரபத்திரன்.

பிறகு உட்கார்ந்து சொன்னான்.

நாற்பது வருடத்துக்கு முன் வெள்ளிமுடியில் காலை வேலைக்குக் கொம்பு ஊதுவது பெரிய கங்காணி. அவர் இடுப்பில் சொந்தக் கடிகாரம் இருந்தது. சாயங்காலம் வேலை விடுவது பங்களா மணி. அது துரையின் அறைக் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கப்படும். மாதம் பிறக்கும்போது இரண்டும் ஒத்துப்போகும். நாள் ஆக ஆகச் சாயங்கால மணி தள்ளிப்போகும். ஆனி, ஆடி மழையில் மாதக் கடைசிக்குப் பத்து நிமிடம் தாமதமாக அடித்தது. மழையில் நனைந்து கொழுந்து பறிக்கிறவளுக்குப் பத்து நிமிடம் என்பது என்ன என்று வீரபத்திரனுக்குத் தெரியும். அவன் தாய் சின்னத்தாயி அந்த மழையில் நின்றவள்.

பங்களாக் கடிகாரத்துக்கு ஞாயிறுதோறும் சாவி கொடுப்பது கிளார்க் ஞானாபரணம். அவ்வளவு போதும். ஒரே இரவில் துண்டறிக்கை தயாரானது. "முள்ளைப் பின்னால் தள்ளிய கை" என்று தலைப்பு. கீழே "ஒரு தொழிலாளி" என்று கையெழுத்து. நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம். காட்டுக்கீரையை அவித்துத் தின்றார்கள். நாற்பத்திரண்டாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆமாம், தவறு நடந்துவிட்டது, தவறு கிளார்க்கினுடையது என்றது. ஞானாபரணத்தை வேலையை விட்டு நீக்கியது. இனி ஆலைச் சங்கைப் பார்த்து வேலை விடலாம் என்றது.

"எனக்கு மாலை போட்டாங்க" என்றான் வீரபத்திரன். "அன்னிக்கு இந்த வாட்சைப் பத்து நிமிஷம் முன்னால வச்சேன். இனி ஒருத்தனும் என்கிட்டயிருந்து எடுக்கக் கூடாதுன்னு."

"அவர் தள்ளினதை நீங்க பாத்தீங்களா?"

"பங்களாவுக்குள்ள எங்களை எவன் விட்டான்?"

ஹாஜிரா கடிகாரத்தின் பின்கதவைத் திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்தார். வெள்ளைத் துணி மேல் அது மூச்சுவிடாத சின்ன மிருகம் போலக் கிடந்தது.

"இந்த ஜாதிக் கடிகாரம் சுவத்துல தொங்காது" என்றார் ஹாஜிரா. "குளிர் நாட்டுல வீட்டுக்கு நடு இடம் கணப்புதான். ராத்திரி எல்லாரும் நெருப்பைப் பாத்துக்கிட்டு உக்காருவாங்க. அந்த நெருப்புக்கு மேல ஒரு மாடம் கட்டி, வீட்டுல இருக்கிறதிலேயே அழகான சாமானை அங்க வைப்பாங்க. அதுதான் இது. அங்கயிருந்து கப்பல்ல ஏறி, இங்கயும் மலை, இங்கயும் குளிர், இங்கயும் கணப்புன்னு வந்து உக்காந்துடுச்சு."

"பெரிய மனுஷன் சாமான்."

"வாங்கினவன் பெரிய மனுஷன். செஞ்சவன் இல்ல. இந்தப் பல்லை ஒருத்தன் அரத்தால ராவியிருக்கான். மெஷின் இல்ல. பாருங்க, ரெண்டு பல்லு ஒண்ணு மாதிரி இல்ல. பெட்டியை இன்னொருத்தன் செஞ்சான். நம்பரை இன்னொருத்தர் எழுதினாங்க. முகத்துல பேரு மட்டும் கடைக்காரனுது."

வீரபத்திரனுக்கு இது பிடித்த பாட்டு. "அதானே பாத்தேன்" என்றான்.

"பொறுங்க. உள்ள பாருங்க."

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். பித்தளைத் தகட்டின் உட்புறம் ஊசியால் கீறிய எழுத்துகள் இருந்தன. தெரியாத மொழியில் இரண்டு பெயர்கள், இரண்டு வருடங்கள். அவற்றுக்குக் கீழே தமிழில் ஹாஜிராவின் தந்தை பெயர்.

"பழுது பாத்தவன் பேரை உள்ள கீறிட்டுப் போவான். அடுத்துத் திறக்குறவன் மட்டும்தான் படிப்பான். அதுக்குள்ள இவன் செத்திருப்பான்."

"ஆறு வருஷமா என் பேரை ஒண்ணுலயும் கீற விடலியே நீங்க."

"நோட்டீஸ்ல போடாத பேரை இங்க போடவா?"

ஹாஜிரா இடுக்கியால் ஒரு மெல்லிய பித்தளை நாக்கைத் தொட்டுக் காட்டினார். குழந்தையின் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது.

"மணி நேரத்துக்கு மணி நேரம் முள் வந்து இதைத் தூக்கிவிடும். உடனே மணி அடிக்கும். முள் முன்னால போனா இது தூக்கும், விழும். பின்னால திருப்பினா முள் இதுல முட்டிக்கும். ஒரு தடவை பின்னால திருப்பினாலே வளைஞ்சுடும். அதனால மணியடிக்கிற கடிகாரத்தைப் பின்னால திருப்பவே கூடாது."

"வளைஞ்சதை நிமித்தி வச்சிருக்கலாமே?"

"நிமித்தினா அரத்தோட கோடு அங்க கலைஞ்சிருக்கும். கோட்டைப் பாருங்க."

கோடுகள் நேராக இருந்தன. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு கூலிக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்த கோடுகள். ஒன்றுகூடக் கலையவில்லை.

வீரபத்திரன் எழுந்து வாசலுக்குப் போனான். தெருவைக் காணவில்லை. யாரோ வெண்மையில் நடந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப எங்க பத்து நிமிஷம் பொய்யா?" என்றான் வெளியே பார்த்தபடியே. "எங்கம்மா நனைஞ்சது பொய்யா?"

ஹாஜிரா எழுந்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். கடிகாரத்தை இரண்டு நாளில் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, ஓடவிட்டார். குளிர்ந்த ஜன்னல் ஓரத்தில் எட்டு நாள் வைத்தார். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் வகை அது. எட்டு நாளும் முள் பிசகவில்லை.

பிறகு மூலையிலிருந்த அலமாரிக்கு அதை மாற்றினார். அலமாரிக்குக் கீழே கரியடுப்பு இருந்தது.

"அடுப்பு அணையக் கூடாது, தலைவரே. இன்னும் எட்டு நாள்."

"எதுக்கு?"

"குளிருது."

வீரபத்திரன் கடையிலேயே படுத்துக்கொண்டான். காலையில் சந்தையிலிருந்து விறகும் கரியும் சுமந்துவந்தான். தலைக்கட்டில் சுள்ளி குத்தியபோது கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வு அவனுடையது அல்ல. அதை எங்கோ பார்த்திருந்தான்.

வெப்பத்தில் கண் சொக்கும்போதெல்லாம் ஒரே காட்சி வந்தது. அவனுக்கு ஒன்பது வயது. கொழுந்து நிறுத்து முடித்தபின் பெண்கள் முறை வைத்துப் பங்களாவுக்கு விறகு சுமப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது, வழக்கம். சின்னத்தாயி தலையில் விறகுக்கட்டு, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் அவன். சமையல்கட்டுப் படியோடு நின்றுவிட வேண்டும். உள்கதவு திறந்திருக்கிறது. நீளமான இருட்டின் முடிவில் நெருப்பு எரிகிறது. நெருப்பின் மேல் ஒரு கோவில். கோவிலுக்குள் பொன்னால் ஒன்று மெல்ல அசைகிறது. சாமிக்கு யாரோ விசிறுகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். "என்னம்மா அது?" என்று கேட்கிறான். "நமக்கு என்னடா, வா" என்கிறாள் சின்னத்தாயி. நடந்து நடந்து படி முடியவே மாட்டேன் என்கிறது.

எட்டாம் நாள் ஹாஜிரா கடிகாரத்தின் முன் நின்றார்.

"எவ்வளவு பின்தங்கியிருக்கு?"

வீரபத்திரன் சுவரிலிருந்த மற்றக் கடிகாரங்களைப் பார்த்தான். "மூணு நிமிஷம்."

"யாராவது தொட்டாங்களா?"

"நான் இங்கயேதான் கிடந்தேன்."

"சூட்டுல ஊசல் நீளும். மயிரிழைதான். நீண்ட ஊசல் மெதுவா ஆடும். எட்டு நாளைக்கு மூணு நிமிஷம்." ஹாஜிரா கைகளை அடுப்பில் காட்டிக்கொண்டார். "மழை மாசத்துல அந்தக் கணப்பை அணைப்பாங்களா?"

"ராப்பகலா எரியும்."

"மாசத்துக்கு என்ன ஆச்சு?"

சீடன் கணக்குப் போடவில்லை. அடுப்பில் கிடந்த விறகைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து இன்னும் சாய்ந்தே இருந்தது.

ஒரு சுள்ளியை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கேட்டான். "நாளைக்குக் கிளார்க்கு வர்றாரா?"

"பதினொண்ணே முக்காலுக்கு வர்றதா போன் பண்ணினார்."

"நீங்களே சொல்லிடுங்க, உஸ்தாது."

"அவர் கடிகாரத்தைத்தான் என்கிட்ட குடுத்தார்."

"நாற்பத்தொரு நாள் பட்டினி கிடந்தவங்க இன்னும் இருக்காங்க. அது ஒண்ணுதான் அவங்க ஜெயிச்சது. அதுக்குள்ள பொய் இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

ஹாஜிரா கரியைக் கிளறினார். "நாளைக்குக் காலையில முள்ளைச் சரியா வச்சு, முன்மேசையில கொண்டு வைங்க" என்றார். "முன்னால தள்ளும்போது ஒவ்வொரு மணிக்கும் நின்னு அடிக்கவிட்டுத் தள்ளணும். அவசரம் கூடாது."

மறுநாள் மேகம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. வீரபத்திரன் விடியுமுன் எழுந்து கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்தான். தூண்களைத் துடைத்தான். பதினொன்று அடித்து முடிந்ததும், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பொறுமையாக முள்ளை வைத்தான். இரவு எழுதிய தாள் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. விளக்கம் என்று தலைப்பிட்டு ஒன்றரைப் பக்கம். அன்றைய சூழல், நிர்வாகத்தின் சூழ்ச்சி, வர்க்க நிலைமை எல்லாம் இருந்தது. மூன்று முறை படித்தான். பிறகு அதையே சுருட்டி அடுப்பு மூட்டினான். நன்றாக எரிந்தது.

ஞானாபரணம் சொன்ன நேரத்துக்கு வந்தார். எண்பது வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கம்பளித் தொப்பி, கையில் குடை. வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார்.

"வீரபத்திரன்தானே?"

"ஆமாங்க, கிளார்க்கையா."

"இளைச்சுட்டே."

"அந்த நோட்டீஸ் நான் எழுதினது."

"தெரியும்" என்றார் ஞானாபரணம். "அந்தத் தோட்டத்துல எழுத்துக் கூட்டி எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே. வேற யார் எழுதுவா, மாட்டுக்காரனா?"

ஹாஜிரா தூரத்து மேசையில் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கடிகாரம் என்ன சொல்லுது?" என்று கேட்டார் ஞானாபரணம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பின்னால போனதில்ல" என்றான் வீரபத்திரன். "ஒரு தடவைகூட. செஞ்சவன் போட்ட கோடு அப்படியே இருக்கு. நீங்க தொடல."

பெரியவர் குடையை மெல்லச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. இருவரும் எடுக்கவில்லை.

"நான் செய்யலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார். "பொண்டாட்டிகிட்ட சொன்னேன். பாதிரியார்கிட்ட சொன்னேன். நாற்பது வருஷம் சொல்லிச் சொல்லி, ஒருவேளை செஞ்சிருப்போமோன்னு எனக்கே ஆயிடுச்சு. ஒருநாள் துடைக்கும்போது கை பட்டிருக்குமோ, தூக்கக் கலக்கமோ. கனவுலகூட வந்துச்சு, நான் தள்ளுற மாதிரி."

"இல்லீங்கய்யா."

"அப்ப அந்தப் பத்து நிமிஷம்?"

"நெருப்பு. கணப்புச் சூட்டுல ஊசல் நீண்டுடும். உங்க ரூம் சூடா இருந்துச்சு."

"என் ரூமா?" ஞானாபரணம் சிரித்தார். "அந்த ரூம்ல எனக்கு நாற்காலி கிடையாது, வீரபத்திரா. நின்னுக்கிட்டே சாவி குடுப்பேன். பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். கூப்பிடுற வரைக்கும் வராந்தாவுல நின்னு கால் விறைச்சுப் போயிருக்கும்."

சிரிப்பு நின்றது. அவர் கடிகாரத்தின் வெள்ளை முகத்தையே பார்த்தார்.

"நீயும் ஒண்ணு தெரிஞ்சுக்க. அது பிந்தி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை என் கடிகாரத்தோட வச்சுப் பாப்பேன். முள்ளைத் தொட துரை சொல்லணும். ஒண்ணாந்தேதி சொல்வார். நடுவுல அவர் கேக்கல, நானும் சொல்லல. உங்க லயத்து வீடுகள்ல விளக்கு எவ்வளவு பிந்தி ஏத்துறாங்கன்னு ஜன்னல்ல தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

வீரபத்திரனுக்கு ஒரு கணம் பழைய சூடு ஏறியது. வாயைத் திறந்தான். தெரிஞ்சுதானே இருந்தீங்க என்று கேட்க நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை விறைத்த காலோடு ஒருவர் அந்த அறையில் நிற்பது கண்ணில் வந்தது. சமையல்கட்டுப் படியில் ஒரு பையன் நிற்பதும் வந்தது. இருவரும் ஒரே நெருப்பை வெளியாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. மெதுவாக, தண்ணீருக்குள் இருந்து வருவது போல, பன்னிரண்டு.

ஞானாபரணம் தலையைத் தூக்கினார். "பன்னெண்டாயிடுச்சா? சங்கு ஊதலியே."

கடையில் மற்ற எல்லாக் கடிகாரங்களும் பதினொன்று ஐம்பது காட்டின.

ஹாஜிரா எழுந்து வந்தார். "எதைப் பாத்து வச்சீங்க, தலைவரே?"

வீரபத்திரன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அதிலும் பன்னிரண்டு. பிறகு வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளைப் பின்னால் தள்ள விரலை நீட்டினான்.

ஹாஜிரா அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு நாளா எதைப் படிச்சீங்க?"

"பின்ன இதை எப்படித்தான் சரிபண்றது?"

ஹாஜிரா உள்ளே கைவிட்டு ஊசலை ஒரு விரலால் நிறுத்தினார். சத்தம் நின்றது. சுவரோரம் கிடந்த இரண்டு முக்காலிகளை இழுத்துக் கடிகாரத்தின் முன்னால் போட்டார்.

"நேரம் இது நிக்கிற இடத்துக்கு வரட்டும். சங்கு ஊதினதும் ஊசலைத் தட்டிவிடுங்க."

ஞானாபரணம் முக்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மேகம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. வீரபத்திரன் நின்றுகொண்டே கேட்டான்.

"அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் என்ன செய்றது, உஸ்தாது?"

"நாற்பது வருஷமா கேட்ட பத்து நிமிஷம், தலைவரே. என்னையா கேக்குறீங்க?"